164 வயதுப் பாட்டி இழுத்த ரயில்

சிவகாசிப் பக்கத்தில் வாழும் பெண்களுக்கு நெருப்பைப் பற்றி யாரும் தனியாகப் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் எம். புதுப்பட்டியைச் சுற்றிலும் பட்டாசு ஆலைகள்தான். காலையில் வேன் வந்து நின்றதும் தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் ஏறிப் போவார்கள். மருந்து அறைக்குள் இரும்புச் சாமான் கூடாது, தீப்பெட்டி கூடாது, ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, எதையும் தரையில் இழுக்கக் கூடாது என்பதெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். இவ்வளவு தெரிந்திருந்தும் 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2023 அக்டோபர் 17ந் தேதி எங்களுக்குப் பக்கத்தில் ரெங்கபாளையத்தில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

அதனால்தான் நெருப்பை அடைத்து வைத்து வேலை வாங்குகிற எதைப் பார்த்தாலும், "இது பத்திரமா?" என்ற கேள்விதான் எங்களுக்கு முதலில் வரும். 1855ல் செய்த ஒரு நீராவி ரயில் என்ஜினைப் பழுது பார்த்து மறுபடி நெருப்பு மூட்டி ஓட்டுகிறார்கள், அதுவும் நம் சென்னையிலேயே, என்று கேள்விப்பட்டபோதும் எனக்கு ஆச்சரியத்தைவிட அந்தக் கேள்விதான் முந்திக்கொண்டு வந்தது.

2019 ஆகஸ்டு 15, சுதந்திர தினம். எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை அந்தப் பழைய என்ஜின் ஓடப்போகிறது என்று பெரம்பூரில் இருக்கும் என் பெரியப்பா போன் செய்தார். அவர் பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்து ரிடையரானவர். அப்போதே வயது எண்பதை நெருங்கிக் கொண்டிருந்தது. "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வா தாயி. நான் இருக்கும்போதே பக்கத்துல நின்னு சொல்லிக் காட்டிடுறேன்" என்றார். அப்படி அவர் சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா?

சிவகாசியில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் பொழுது விடியும் நேரத்தில் எழும்பூர். என் மாமியாரும் வருவேன் என்று புறப்பட்டு விட்டார். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, பிள்ளைகளுக்கு முறுக்கு என்று பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். எங்கள் பக்கத்து விருதுநகர் - தென்காசி ரயில் பாதை 1927ல் போட்டது. 2004ல் அகலப் பாதையாக மாறும் வரை மீட்டர்கேஜ்தான். அந்தப் பாதையில் கரி வண்டி ஓடிய காலத்தை அத்தை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்கள். "வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு ரயில் ஏறவே மாட்டோம்டீ. இறங்குறப்போ புள்ளிச் சேலையாயிரும். சன்னலோரம் உக்காந்தா கண்ணுல கரித்தூள் விழுந்து அழுதுக்கிட்டே ஊர் போய்ச் சேருவோம்" என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

எழும்பூர் பிளாட்பாரத்தில் அதைப் பார்த்ததும் என் சின்னவன், "இவ்வளவு குட்டியா?" என்று கேட்டான். நிஜம்தான். நாம் இப்போது பார்க்கும் மின்சார என்ஜின்களின் பக்கத்தில் நிறுத்தினால் பேத்தி மாதிரி இருக்கும். நடுவில் பெரிதாக ஒரு ஜோடிச் சக்கரம், முன்னாலும் பின்னாலும் சிறிதாக ஒவ்வொரு ஜோடி. மேலே நீளமாக ஒரு புகைபோக்கி. உள்ளே நெருப்பு கனன்று கொண்டிருக்க, அடியில் எங்கேயோ புஸ் புஸ்ஸென்று ஆவி கசிய, மாடு மூச்சு விடுவது போலச் சத்தம். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண்ணை, "விசில் அடிக்கும்போது பிள்ளை காதைப் பொத்திக்கோம்மா. கீழே ஆவி வெளிய வர்ற பக்கம் நிக்காதே" என்று பெரியப்பா நகர்த்தி நிறுத்தினார்.

இந்த என்ஜினின் பெயர் ஈ.ஐ.ஆர். 21. ஈஸ்ட் இந்தியன் ரயில்வே கம்பெனிக்காக இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கிட்சன் கம்பெனி செய்து, கப்பலில் கல்கத்தாவுக்கு வந்து இறங்கியது. இதன் கூடப் பிறந்த தங்கைதான் 22ம் நம்பர் என்ஜின். 'ஃபேரி குவீன்' என்றால் பலருக்கும் தெரியும். இரண்டும் வங்காளத்தில் ஓடி உழைத்து 1909ல் ஓய்வு பெற்றன. 21ம் நம்பர் அதற்குப் பிறகு நூறு வருஷம் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப் பொருளாக நின்றுகொண்டிருந்தது. வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, வருகிறவர்கள் எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போக, அது பாட்டுக்கு நின்றது.

கல்கத்தா என்றதும் எங்கள் ஊர்க் கதை நினைவுக்கு வந்தது. 1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளப் போனதும் அதே கல்கத்தாவுக்குத்தான். அவர்கள் கற்று வந்ததில்தான் இன்று எங்கள் பக்கத்து அடுப்புகள் எரிகின்றன.

தங்கை 'ஃபேரி குவீன்' முதலில் முந்திக்கொண்டாள். 26 டன் எடையும் 130 குதிரைச் சக்தியும் உள்ள அந்த என்ஜின் செப்பனிடப்பட்டு, 88 வருஷ இடைவெளிக்குப் பிறகு 1997 ஜூலை 18ந் தேதி டில்லியிலிருந்து ஆல்வாருக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. உலகிலேயே வழக்கமாக ஓடும் நீராவி என்ஜின்களில் மிகப் பழையது என்று 1998ல் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது. பிறகு 2011ல் அதன் பாகங்களைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதை மறுபடி சரிசெய்து கொடுத்ததும் நம் பெரம்பூர் ஒர்க்ஷாப்தான்.

அக்காவான 21ம் நம்பரையும் அதே பெரம்பூருக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்த ஒர்க்ஷாப் 1856ல் தொடங்கியது. என்ஜினுக்கும் ஒர்க்ஷாப்புக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம்! துருப்பிடித்ததைச் சரி செய்து, காணாமல் போன பாகங்களைப் புதிதாகச் செய்து பொருத்தி, 2010 ஆகஸ்டு 15 அன்று ஓட வைத்தார்கள். நூற்றியொரு வருஷம் கழித்து அதற்கு மூச்சு வந்தது. பெரியப்பா அதற்கு முன்பே ரிடையராகி விட்டார். ஆனாலும் தன் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசினார்.

"இது பத்திரமா பெரியப்பா?" என்று நான் கேட்டே விட்டேன். அவர் சிரித்தார்.

"அதுதான் தாயி முதல் கேள்வி. நெருப்புப் போடுறது கடைசி வேலை. அதுக்கு முன்னாடி மாசக் கணக்குல வேலை கிடக்கு" என்று சொல்லி, எனக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொன்றாக விளக்கினார். பழைய நீராவி என்ஜின் எதை உயிர்ப்பித்தாலும் இந்த முறைதானாம்.

முதலில் என்ஜினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்ற வேண்டும். பாய்லரின் வயிற்றுக்குள் நெருப்பு போகும் குழாய்கள் இருக்கும். அவற்றைச் சுற்றித் தண்ணீர். குழாய்களையெல்லாம் உருவி எடுத்துவிட்டு, உள்ளே பார்க்க வேண்டும். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏடு படிகிறதல்லவா, அதே சுண்ணாம்புப் பொறுக்கு பாய்லருக்குள்ளும் படியும். பொறுக்கு கனத்துவிட்டால் தகட்டின் சூடு தண்ணீருக்குப் போகாது. தகடு அளவுக்கு மீறிக் காய்ந்து பலம் இழந்துவிடும். அதனால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, தகடு எங்கெங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அங்குலம் அங்குலமாக அளந்து பார்ப்பார்கள். கனம் குறைந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு போடுவார்கள்.

அடுத்ததுதான் பெரிய பரிசோதனை. நெருப்பில்லாமல், பச்சைத் தண்ணீரைப் பாய்லர் முழுக்க நிரப்பி, பம்பு வைத்து அழுத்தம் ஏற்றுவார்கள். ஓடும்போது எவ்வளவு அழுத்தம் வருமோ அதைவிட அதிகமாக ஏற்றி நிறுத்திப் பார்ப்பார்கள். பச்சைத் தண்ணீர் எதற்கு? ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். ஆவியோடு பாய்லர் உடைந்தால் அது வெடிகுண்டு. குளிர்ந்த தண்ணீர் அப்படி விரியாது. எங்காவது பலவீனமாக இருந்தால் அந்த இடத்தில் கசியும், அவ்வளவுதான். "தப்பு இருந்தா அது தண்ணியில தெரியட்டும், நெருப்புல தெரிய வேண்டாம்னுதான் இந்த ஏற்பாடு" என்றார் பெரியப்பா. அந்த வார்த்தையை நான் டைரியில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறமும் அவசரமில்லை. சிறு நெருப்பாகப் போட்டு, மணிக்கணக்கில் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். இரும்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக விரிய வேண்டுமாம். தோசைக்கல்லைத் திடீரென்று பெருந்தீயில் வைத்தால் கோணிக்கொள்கிறதே, அந்தக் கதைதான்.

இன்னொரு எச்சரிக்கையும் சொன்னார். பழைய காலத்து என்ஜின்களில் பாய்லர் சூடு வெளியே போகாமல் இருக்க ஆஸ்பெஸ்டாஸ் பொதிந்து வைத்திருப்பார்கள். அதைப் பிரிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசி பறக்கும். மூச்சோடு உள்ளே போனால் இருபது முப்பது வருஷம் கழித்துக்கூட நுரையீரல் நோயாக, புற்றுநோயாக வரும். வேலைக்குப் போனவருக்கு மட்டுமல்ல, அவருடைய சட்டையை உதறித் துவைத்த மனைவிக்கும் அந்த நோய் வந்திருக்கிறது என்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். அதனால் இப்போது முகமூடி, தனி உடை இல்லாமல் அந்த வேலையைத் தொடுவதில்லை. எந்தத் தூசியில் வேலை செய்கிறவர் வீட்டில் இருந்தாலும் சரி, வேலைச் சட்டையை வீட்டுக்குள் உதறாதீர்கள். பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் தனியாக நனைத்துத் துவையுங்கள்.

பேச்சு சுவாரஸ்யத்தில் வண்டி புறப்படும் நேரம் வந்துவிட்டது. விசில் சத்தம் கேட்டு அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்கள். பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்ற, வெள்ளைப் புகை எழும்ப, 164 வயதுப் பாட்டி தன் பெட்டியை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். நாங்கள் அடுத்த மின்சார ரயிலில் ஏறி, சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம் தாண்டிக் கோடம்பாக்கத்தில் போய் இறங்கி மறுபடியும் பார்த்தோம். பிள்ளைகள் விடவில்லை.

மத்தியானம் பெரியப்பா வீட்டில் சாப்பாடு. பெரியம்மா பருப்புக்குக் குக்கர் வைத்திருந்தார்கள். பெரியப்பா என் மகனை அடுப்படிக்கு அழைத்துப் போய், "இந்தா பாரு, உங்க வீட்டு ரயில் என்ஜின்" என்றார். சொன்னது முழுக்க உண்மை. குக்கரின் வெயிட் என்பது என்ஜினின் சேஃப்டி வால்வு செய்யும் வேலையைச் செய்கிறது. மூடியில் பொட்டு மாதிரி இருக்கிறதே சேஃப்டி பிளக், அதுவும் என்ஜினில் உண்டு. நெருப்புப் பெட்டியின் மேல்தகட்டில் ஈயம் வார்த்த ஓர் அடைப்பு வைத்திருப்பார்கள். தகட்டின் மேல் தண்ணீர் நிற்கும் வரை ஈயம் உருகாது. தண்ணீர் வற்றிவிட்டால் உருகி, ஆவி நெருப்பின் மேல் சீறிப் பாய்ந்து ஆபத்தைத் தெரிவித்துவிடும். தண்ணீர் வற்றிய குக்கரில் பிளக் உருகுவதும் இதற்காகத்தான்.

ஆகவே சகோதரிகளே, என்ஜினுக்குச் செய்கிற சோதனையை நம் குக்கருக்கும் செய்வோம். தினமும் மூடும் முன் ஆவிக்குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். துவாரம் வழியே வெளிச்சம் தெரிய வேண்டும். பருப்பு, பயறு வகைகளுக்கு அரைக் குக்கருக்கு மேல் நிரப்பாதீர்கள். மற்றதற்கும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம். கேஸ்கெட் விறைத்துப் போயிருந்தால் மாற்றுங்கள். பிளக் உருகிவிட்டால் அதே கம்பெனி பிளக்கையே வாங்கிப் போடுங்கள். கையில் கிடைத்த எதையாவது வைத்து அந்தத் துவாரத்தை அடைப்பது உயிரோடு விளையாடுவது. ஆவி முழுவதும் அடங்காமல் மூடியை வலிந்து திறக்கவே கூடாது.

சாப்பிட்டு உட்கார்ந்ததும் பெரியப்பா வெளிநாட்டுக் கதைகள் சொன்னார். இங்கே ரயில்வேத் தொழிலாளர்கள் செய்கிற இந்த வேலையை, பிரிட்டனில் பல ஊர்களில் பொதுஜனங்களே சம்பளம் வாங்காமல் செய்கிறார்களாம். வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்று ஒரு சின்ன ரயில் பாதை. மலையிலிருந்து பலகைக்கல் இறக்குவதற்காக 1860களில் போட்டது. 1950ல் அதன் முதலாளி இறந்ததும் மூடிவிடுவார்கள் என்ற நிலை. டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் சங்கம் அமைத்து, 1951ல் தாங்களே ஓட்டத் தொடங்கினார்கள். தொண்டர்கள் நடத்திய உலகின் முதல் ரயில் அதுதான். இன்றும் ஓடுகிறது. இன்னொரு கூட்டத்தார், தங்களுக்குப் பிடித்த ஒரு ரக என்ஜின் 1966க்குள் ஒன்று விடாமல் உடைக்கப்பட்டுவிட்டதே என்று ஆதங்கப்பட்டு, 1990ல் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்க ஆரம்பித்தார்கள். 18 வருஷம் பாடுபட்டு, 2008ல் 'டொர்னாடோ' என்ற அந்த என்ஜினைப் புதிதாகவே செய்து ஓட்டிவிட்டார்கள்.

ஆனால் ஆர்வம் இருக்கிறதே என்று அங்கே யாரும் விதியைத் தளர்த்துவதில்லை. சுமார் பத்து வருஷத்துக்கு ஒருமுறை என்ஜினை நிறுத்தி, பாய்லரைக் கழற்றி, முழுச் சோதனை முடித்த பிறகுதான் மறுபடி நெருப்பு. கூட்டம் வருகிறது, டிக்கெட் விற்கிறது என்பதற்காகக் கெடுவைத் தாண்டி ஓட்ட முடியாது.

"இரும்பு துருப்பிடிச்சா மாத்திடலாம் தாயி. கை பழக்கம் போயிடுச்சின்னா எந்தக் கடையில வாங்குறது?" என்று பெரியப்பா கேட்டார். நம் சித்தரஞ்சன் தொழிற்சாலை அகலப் பாதைக்குக் கடைசி நீராவி என்ஜினைச் செய்தது 1970ல். அந்த வேலை தெரிந்தவர்கள் எல்லாம் தாத்தாக்கள் ஆகிவிட்டார்கள். ஒரு பழைய என்ஜினைப் பிரித்துச் சேர்க்கும்போதுதான் அந்தத் தாத்தாக்களின் கைவேலை பேரன்மார் கைக்கு மாறுகிறது. சம்பளமில்லாமல் வந்து கரி அள்ளுகிறவர்கள் காப்பாற்றுவதும் அதைத்தான் என்று எனக்குத் தோன்றியது.

21ம் நம்பர் எப்போதாவதுதான் வெளியே வரும். ஆவி என்ஜினைப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைப்பவர்கள் மேட்டுப்பாளையம் போகலாம். 1899ல் குன்னூர் வரை திறந்து, 1908ல் ஊட்டி வரை நீட்டிய 46 கிலோமீட்டர் மலைப்பாதை. 208 வளைவுகள், 16 குகைகள். யுனெஸ்கோ 2005ல் இதற்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கொடுத்தது. செங்குத்தான பகுதியில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஆவி என்ஜின் பின்னாலிருந்து தள்ளும். இதற்கான என்ஜின்களைத் திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்பில் நம் தொழிலாளர்களே புதிதாகச் செய்திருக்கிறார்கள். கம்பளிச் சட்டை, சுடுதண்ணீர், மாற்று உடை மறக்காதீர்கள். குழந்தையின் கண்ணில் தூள் விழுந்தால் கசக்க விடாமல் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் பெரம்பூர் ரயில் மியூசியத்தையும் பார்க்கலாம். பழைய என்ஜின்களைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஒரு பகல் போதாது.

ஊருக்குத் திரும்பிய அன்று சாயங்காலம், பக்கத்து வீட்டுப் பெண் வேனிலிருந்து இறங்கி நேராக என்னிடம் கதை கேட்க வந்துவிட்டாள். விரலெல்லாம் அலுமினியத் தூள் வெள்ளியாக மின்னியது. சோப்பைக் கொடுத்துக் கையைக் கழுவச் சொல்லிவிட்டு, பாய்லர் சோதனை, ஈய அடைப்பு, பச்சைத் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். அப்போது தீபாவளி வேலை மும்முரமாக இருந்த நேரம். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏன்க்கா, சீக்கிரம் சீக்கிரம்னு அங்க யாரும் வெரட்ட மாட்டாங்களா?" என்றாள்.

பெரியப்பா சொன்னதையே அவளுக்குச் சொன்னேன். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டுகிற கண்ணாடிக் குழாய் ஒன்று டிரைவரின் கண்ணெதிரே இருக்கும். அதில் தண்ணீர் தெரியவில்லை என்றால் அவர் வண்டியை எடுக்க மாட்டார். பிளாட்பாரத்தில் மந்திரி நின்றாலும் சரி, பேண்டு வாத்தியம் வாசித்தாலும் சரி. முடியாது என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. அவரை யாரும் கோபிக்கவும் முடியாது.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எங்க ரூமுக்கும் அப்படி ஒரு கண்ணாடி வேணும்க்கா" என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்குச் சோறு பொங்க நேரமாகிவிட்டதென்று எழுந்து போனாள்.